ஹார்டு டிஸ்க் இல்லாத விர்ச்சுவல் மெஷின்: ஐஎஸ்ஓவை எதில் ஓட்டுவது?

ஒரு லினக்ஸை நிறுவாமலே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஐஎஸ்ஓ ஃபைல் (ஒரு முழு சிடியின் நகல்) டவுன்லோடு ஆகிவிட்டது. விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) ஒன்றை உருவாக்கி, அதன் சிடி டிரைவில் இந்த ஐஎஸ்ஓவைச் செருகி, ஹார்டு டிஸ்க் எதுவும் கொடுக்காமல் பூட் செய்தால் போதும். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. அடுத்த படியில்தான் பலர் நின்றுவிடுகிறார்கள்: விர்ச்சுவல்பாக்ஸா, கியூஎமுவா, விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வியா, இலவசமாகிவிட்ட விஎம்வேரா? நான்கும் இந்த வேலையைச் செய்யும். ஆனால் ஒவ்வொன்றும் காலை வாரும் இடம் வேறு.

‘எது வேகம்?’ என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இங்கே கடைசிக் கேள்வி. பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி பயாஸில் (கணினியின் துவக்க அமைப்பு) இயக்கப்பட்டிருந்தால், இப்படி நிறுவாமலே ஓடும் லைவ் ஐஎஸ்ஓவை ஓட்டுவதில் நான்குக்கும் உள்ள வேக வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. டிஸ்க் இல்லாத மெஷினில் ரேம்தான் டிஸ்க். அந்த ரேமை எது எப்படிக் கையாளுகிறது, மெஷினை நிறுத்தும்போது அதில் இருந்ததை எது காப்பாற்றும் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

## உள்ளே நடப்பது

ஐஎஸ்ஓவில் எழுத முடியாது. பெரும்பாலான லைவ் லினக்ஸ்களில், முழு சிஸ்டமும் ஸ்க்வாஷ்எஃப்எஸ் வடிவத்தில் சுருக்கப்பட்டு அந்த ஐஎஸ்ஓவுக்குள் இருக்கும். பூட் ஆகும்போது லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் அதைப் படிக்க மட்டும் திறந்து, அதன் மேல் டிஎம்பிஎஃப்எஸ் என்ற ரேம் ஃபைல் சிஸ்டம் ஒன்றைப் போர்த்திவிடும். ஓவர்லேஎஃப்எஸ் இரண்டையும் சேர்த்து ஒரே ஃபைல் சிஸ்டமாகக் காட்டும். படிப்பதெல்லாம் கீழ் அடுக்கிலிருந்து. எழுதுவதெல்லாம் மேல் அடுக்கில், அதாவது ரேமில்.

டிஎம்பிஎஃப்எஸ் தன் அளவைத் தனியாகச் சொல்லாவிட்டால் ரேமில் பாதி என்று வைத்துக்கொள்ளும். மெஷினுக்கு 2 ஜிபி கொடுத்தால், எழுத 1 ஜிபி. ஆனால் அந்த 1 ஜிபி தனியாக ஒதுக்கி வைத்ததல்ல. புரோகிராம்கள் ஓடும் அதே 2 ஜிபியிலிருந்துதான் வருகிறது. டிஸ்க் இல்லாததால் ஸ்வாப்பும் (ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம்) இல்லை. பிரவுசரில் நாலைந்து டேப் திறந்து, கூடவே ஒரு பெரிய பேக்கேஜையும் நிறுவினால் இரண்டில் ஒன்று நடக்கும்: டிஸ்க்கில் இடமில்லை என்ற பிழை வரும், அல்லது கர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். ‘டிஸ்க்கே இல்லை, இடமில்லை என்கிறதே’ என்று முழிப்பவர்களுக்கு விளக்கம் இதுதான்.

இதில் இன்னொரு வகையும் உண்டு. ‘டுரேம்’ என்ற பூட் அளவுரு (டூ, ரேம் இரண்டையும் இடைவெளியில்லாமல் சேர்த்து எழுதுவது) கொடுத்தால், கீழ் அடுக்கையும் ரேமுக்கே நகலெடுத்துவிடும். டெபியன் லைவ், ஜிபார்ட்டட் லைவ், குளோன்சில்லா மூன்றிலும் இந்த வசதி இருக்கிறது. உண்மையான சிடியில் இதனால் நல்ல பலன் உண்டு. சிடி டிரைவ் அவ்வளவு மெது. விர்ச்சுவல் மெஷினிலோ ஐஎஸ்ஓ ஏற்கெனவே உங்கள் எஸ்எஸ்டியில் கிடக்கிறது. படித்த பகுதிகளை ஹோஸ்டே (விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் உங்கள் கணினி) தன் கேச்சில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். ஆகவே ‘டுரேம்’ ஐஎஸ்ஓ அளவுக்கு ரேமைத் தின்று, அதற்கு ஈடாக ஏறக்குறைய ஒன்றும் தராது. ஐஎஸ்ஓ பென்டிரைவிலோ நெட்வொர்க் டிரைவிலோ இருந்து, பூட்டுக்குப் பிறகு அதைக் கழற்ற வேண்டும் என்றால் மட்டும் பயன்படுத்துங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். முதல் இரண்டும்தான் கனமானவை.

ரேம். மெஷினுக்குக் கொடுத்த ரேமில் எவ்வளவு எழுத முடியும், ஹோஸ்டின் ரேம் எவ்வளவு போகும்.

நிறுத்தினால் மிஞ்சுவது. ஷட்டவுன் செய்தால் எல்லாம் போய்விடும், அது தெரிந்ததே. ஆனால் பாதி வேலையில் உறைய வைத்து, நாளைக்குத் தொடர முடியுமா? இதில்தான் நான்கும் பெரிதும் வேறுபடுகின்றன.

ஐஎஸ்ஓ எழுமா. பழைய பயாஸ் முறையா, அதன் இடத்துக்கு வந்த யூஇஎஃப்ஐயா, சரியான கையெழுத்து உள்ளதை மட்டும் எழ விடும் செக்யூர் பூட் தடுக்கிறதா, சிடி டிரைவ் எந்தக் கன்ட்ரோலரில் தொங்குகிறது.

ஃபைலை வெளியே எடுப்பது. உள்ளே உருவாக்கியதை ஹோஸ்டுக்குக் கொண்டுவர எளிய வழி உண்டா.

ஹோஸ்டின் டிஸ்க்கில் விழும் தடம். ‘டிஸ்க் கொடுக்கவில்லை, அதனால் எங்கும் எதுவும் பதியாது’ என்ற நம்பிக்கையோடு வருபவர்கள் இதைக் கவனியுங்கள். மெஷினின் ரேம் ஹோஸ்டின் ரேமில்தான் இருக்கிறது. ஹோஸ்ட் நெருக்கடியில் அதைத் தன் ஸ்வாப்பிலோ பேஜ் ஃபைலிலோ எழுதலாம். சில மென்பொருள்கள் கேட்காமலே ரேம் அளவுக்கு டிஸ்க்கில் இடம் பிடிக்கின்றன. டெயில்ஸ் போன்ற தடம் விடாத சிஸ்டத்தை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டினால் அதுவே எச்சரிக்கை காட்டுவது இதனால்தான்: ஹோஸ்டும் விர்ச்சுவலைசேஷன் மென்பொருளும் உள்ளே நடப்பதைப் பார்க்க முடியும். தடம் விழக் கூடாது என்பதே உங்கள் நோக்கம் என்றால், இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டுப் பென்டிரைவில் பூட் செய்யுங்கள்.

## விர்ச்சுவல்பாக்ஸ்

புது மெஷின் உருவாக்கும் விசார்டிலேயே ஹார்டு டிஸ்க் வேண்டாம் என்ற தேர்வு இருக்கிறது. அதை எடுத்தால், டிஸ்க் சேர்க்கும்வரை சிஸ்டம் எதையும் நிறுவ முடியாது, சிடியிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ மட்டுமே துவக்க முடியும் என்று சொல்லும். நமக்கு வேண்டியதே அதுதான், தொடரலாம். 7.0 பதிப்பு முதல் விசார்டில் ஐஎஸ்ஓவைக் காட்டியதும் அதைத் தானாக நிறுவித்தர முன்வரும் வசதி ஒன்று உண்டு. அதை மறக்காமல் அணைத்துவிடுங்கள்.

உறைய வைப்பதில் விர்ச்சுவல்பாக்ஸ் நன்றாகவே இருக்கிறது. ஜன்னலை மூடும்போது மெஷினின் நிலையைச் சேமிக்கச் சொன்னால், ரேமில் உள்ளதை ஒரு ஃபைலாக எழுதிவைத்து, அடுத்த முறை விட்ட இடத்திலிருந்து தொடரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்னாப்ஷாட்டும் (பிறகு திரும்பி வரக்கூடிய நிலைப் பதிவு) எடுக்கலாம். டிஸ்க் இல்லை என்று தகராறு செய்வதில்லை. தொடரும்போது அதே ஐஎஸ்ஓ அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். புதுப் பதிப்பு வந்துவிட்டதே என்று பழைய ஐஎஸ்ஓவை அழித்துவிட்டால், உறைய வைத்த மெஷின் பயனற்றுப் போகும். விர்ச்சுவல்பாக்ஸையே அப்டேட் செய்யும் முன்பும் சேமித்த நிலைகளை முடித்துவிடுவது நல்லது. பழைய பதிப்பு எழுதியதைப் புதியது ஏற்காமல் போக வாய்ப்புண்டு.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது சிக்கும் பொறி ஒன்று உண்டு. பல லைவ் லினக்ஸ்கள் ஷட்டவுன் ஆகும்போது சிடியை வெளியே தள்ளிவிடும். உண்மையான கணினிக்கு அது நியாயமான பழக்கம். விர்ச்சுவல்பாக்ஸில் அந்த எஜெக்ட் கட்டளை ஐஎஸ்ஓவை டிரைவிலிருந்து நிஜமாகவே கழற்றிவிடும். மறுநாள் மெஷினைத் துவக்கினால், பூட் செய்ய எதுவும் இல்லை என்று கருப்புத் திரை நிற்கும். ஸ்டோரேஜ் அமைப்பில் சிடி டிரைவைத் தேர்ந்தெடுத்தால் ‘லைவ் சிடி/டிவிடி’ என்ற சிறு கட்டம் தெரியும். அதில் டிக் போட்டுவிட்டால் உள்ளிருந்து யார் தள்ளினாலும் ஐஎஸ்ஓ நகராது. டிஸ்க் இல்லாத மெஷினுக்கு இந்த டிக் கட்டாயம் என்றே சொல்வேன்.

ஃபைலை வெளியே எடுக்க ஷேர்டு ஃபோல்டர் இருக்கிறது. அதற்கான டிரைவர் லினக்ஸ் கர்னல் 5.6 முதல் கர்னலோடே வருவதால், ஓரளவு புதிய லைவ் ஐஎஸ்ஓக்கள் பலவற்றில் கெஸ்ட் அடிஷன்ஸ் (மெஷினுக்குள் நிறுவும் விர்ச்சுவல்பாக்ஸின் துணைக் கருவிகள்) நிறுவாமலே மவுண்ட் செய்துவிடலாம். லைவ் செஷனுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸை நிறுவுவது வீண் வேலை. அடுத்த பூட்டில் போய்விடும். அதற்குள் ரேமையும் தின்றிருக்கும்.

மறைந்திருக்கும் செலவு விண்டோஸ் ஹோஸ்டில் இருக்கிறது. ஹைப்பர்-வியோ, விண்டோஸ் 11இன் மெமரி இன்டக்ரிட்டி பாதுகாப்போ இயக்கத்தில் இருந்தால், விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேரடியாகப் பிடிக்க முடியாமல் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் அடுக்கு) மேல் ஏறி ஓடும். ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை ஐகான் தெரிந்தால் அந்த நிலைதான். மேலே நான் சொன்ன ‘வேக வித்தியாசம் இல்லை’ என்பதற்கு இது விதிவிலக்கு.

## கியூஎமு, கேவிஎம்

லினக்ஸ் ஹோஸ்ட் வைத்திருப்பவர்கள் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. டிஸ்க் இல்லாத மெஷின் என்பது கியூஎமுவுக்கு இயல்பான விஷயம். எதையும் ‘உருவாக்க’ வேண்டியதே இல்லை. டெர்மினலில் ஒரு வரி அடித்து, கேவிஎம் (பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பயன்படுத்தும் லினக்ஸ் கர்னலின் பகுதி) வேண்டும், ரேம் இவ்வளவு, சிடி இந்த ஐஎஸ்ஓ என்று மூன்றைச் சொன்னால் ஓடும். ஜன்னலை மூடினால் அமைப்பு ஃபைல்கூட மிஞ்சாது. புதுப்புது ஐஎஸ்ஓவாகச் சோதித்துப் பார்ப்பவருக்கு இதைவிடச் சுத்தமான வழி கிடையாது.

அந்த மூன்றில் இரண்டை மறந்தாலும் அது குறை சொல்லாமல் ஓடத் தொடங்கிவிடும். சிக்கலே அதுதான். ரேம் சொல்லாவிட்டால் 128 எம்பி மட்டும் கொடுக்கும். இன்றைய டெஸ்க்டாப் லைவ் ஐஎஸ்ஓ எதுவும் அதில் எழாது, கர்னல் பேனிக் ஆகி நிற்கும். கேவிஎம் சொல்லாவிட்டால் பிராசசர் முழுவதையும் மென்பொருளாலேயே பாவனை செய்யும். பூட் ஆகும், ஆனால் ஆமை வேகத்தில். ‘கியூஎமு ரொம்ப மெது’ என்று கைவிட்டவர்களில் பாதிப் பேர் இந்தச் சுவிட்சை விட்டவர்களாகத்தான் இருப்பார்கள் என்பது என் ஊகம்.

இங்கே ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கியூஎமுவின் சொந்த ஸ்னாப்ஷாட் கட்டளை, ரேமில் உள்ளதைக் க்யூகவ்2 வடிவ டிஸ்க் இமேஜுக்குள்தான் எழுதும். டிஸ்க்கே இல்லாத மெஷினில் எழுத இடமில்லை, மறுத்துவிடும். டிஸ்க் இல்லாமல் ஓட்டும் ஒருவருக்கு ஸ்னாப்ஷாட்தான் அதிகம் தேவைப்படும், அங்கேதான் இது கையை விரிக்கிறது. தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஒரு சின்னக் க்யூகவ்2 இமேஜைக் காலியாக இணைத்து வைப்பது. உள்ளிருக்கும் சிஸ்டம் அதைத் தொடவே வேண்டாம், ஸ்னாப்ஷாட்டைத் தாங்கினால் போதும். இரண்டு, விர்ட்-மேனேஜருக்குப் போவது.

விர்ட்-மேனேஜர் என்பது லிப்விர்ட் (விர்ச்சுவல் மெஷின்களை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக அதே கியூஎமுவை ஓட்டும் ஜன்னல் மென்பொருள். மெஷின் உருவாக்கும்போது ஸ்டோரேஜ் வேண்டும் என்ற டிக்கை எடுத்துவிட்டால் டிஸ்க் இல்லாமல் உருவாகும். இதில் உள்ள ‘சேவ்’ டிஸ்க்கை நம்புவதில்லை. ரேமை ஹோஸ்டில் தனி ஃபைலாக எழுதும். மறுபடி துவக்கியதும் விட்ட இடத்திலிருந்து எழும், சேமித்த ஃபைல் அத்தோடு நீங்கிவிடும். ஆக, ஒரே இடத்துக்குப் பலமுறை திரும்ப வேண்டும் என்றால் இது ஆகாது. நாளைக்குத் தொடர்வதற்கு மட்டும் சரி. வீட்டு டைரக்டரிக்குள் கிடக்கும் ஐஎஸ்ஓவைக் காட்டினால், அந்தப் பாதையில் நுழைய எமுலேட்டருக்கு அனுமதியில்லை என்று கேட்கும். சரி என்று சொல்லலாம், அல்லது ஐஎஸ்ஓவை லிப்விர்ட்டின் சொந்த இமேஜ் டைரக்டரிக்கு மாற்றலாம். நான் மாற்றிவிடுவேன்.

ஐஎஸ்ஓ எழுமா என்பதில் கியூஎமு மற்ற மூன்றையும்விட வளைந்து கொடுக்கும். சாதாரணமாகப் பழைய பயாஸ் முறையில் எழும். யூஇஎஃப்ஐ வேண்டுமென்றால் ஓவிஎம்எஃப் ஃபர்ம்வேரைக் கொடுக்க வேண்டும். பத்து, பதினைந்து வருடப் பழைய லைவ் சிடி ஒன்று பாதி பூட் ஆகி, ‘சிடியையே காணோம்’ என்று பிஸிபாக்ஸ் ப்ராம்ப்டில் (வெறும் கட்டளை வரி) விழுந்தால், கன்ட்ரோலரைச் சந்தேகியுங்கள். க்யூ35 வகை மெஷினில் சிடி சாட்டாவில் இருக்கும். பழைய ‘பிசி’ வகைக்கு மாற்றினால் ஐடிஇக்கு வந்துவிடும், பழைய கர்னல் அடையாளம் கண்டுகொள்ளும்.

ஃபைலை வெளியே எடுக்க: கியூஎமுவின் சாதாரண நெட்வொர்க்கில் மெஷினுக்குள்ளிருந்து பார்த்தால் ஹோஸ்ட் எப்போதும் 10.0.2.2 என்ற முகவரியில் இருக்கும். ஹோஸ்டில் எஸ்எஸ்ஹெச் (வேறொரு மெஷினிலிருந்து நெட்வொர்க் வழியே நுழையும் வசதி) ஓடினால், அதன் வழியே ஃபைலை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளையால் தள்ளிவிடலாம். விர்ச்சுவல்பாக்ஸின் ஷேர்டு ஃபோல்டர் அளவுக்குச் சொகுசில்லை. டெர்மினல் பழகியவருக்கு அது குறையாகத் தெரியாது.

இன்னொரு நுணுக்கம். கியூஎமு மெஷினுக்கு 4 ஜிபி கொடுத்தாலும், மெஷின் தொடத் தொடத்தான் ஹோஸ்டின் ரேம் போகும். ஆனால் ஒருமுறை தொட்டது பொதுவாகத் திரும்பி வராது. லைவ் செஷனில் 1 ஜிபி ஃபைலை எழுதி அழித்தால் உள்ளே இடம் காலியாகும். ஹோஸ்டில் அந்த 1 ஜிபி பிடித்தது பிடித்தபடியே இருக்கும். பயன்படாத ரேமை ஹோஸ்டுக்குத் திருப்பித் தரும் பலூன் டிரைவர் வைத்து இதைச் சரிசெய்ய வழியுண்டு. ஐஎஸ்ஓ சோதிக்கும் வேலைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டாம், மெஷினை அணைத்துப் போட்டால் போதும்.

## ஹைப்பர்-வி

விண்டோஸ் புரோ, எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில் தனியாக எதையும் டவுன்லோடு செய்யாமல் இயக்கிக்கொள்ளலாம். ஹோம் பதிப்பில் இல்லை. ஏற்கெனவே இருக்கிறதே என்று பலர் இதற்குப் போகிறார்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் நான் இதைக் கடைசியில் வைப்பேன்.

விசார்டில் டிஸ்க்கைப் பிறகு இணைப்பதாகச் சொன்னால் டிஸ்க் இல்லாத மெஷின் கிடைக்கும். அப்புறம் ஜெனரேஷன் 1, ஜெனரேஷன் 2 என்ற தேர்வு. 2 என்பது யூஇஎஃப்ஐ மட்டும். அதில் செக்யூர் பூட் விண்டோஸுக்கான டெம்ப்ளேட்டோடு இயங்கும். லினக்ஸ் ஐஎஸ்ஓவைச் செருகினால் கையெழுத்து சரியில்லை என்று தள்ளிவிடும். செக்யூரிட்டி அமைப்பில் டெம்ப்ளேட்டை மைக்ரோசாஃப்ட் யூஇஎஃப்ஐ சர்ட்டிஃபிகேட் அத்தாரிட்டி என மாற்றினால் உபுண்டு, டெபியன், ஃபெடோரா எழும். ஆர்ச் லினக்ஸ் ஐஎஸ்ஓவுக்குச் செக்யூர் பூட்டையே அணைக்க வேண்டும். பயாஸில் மட்டும் எழும் சின்ன ஐஎஸ்ஓக்களுக்கு ஜெனரேஷன் 1தான் ஒரே வழி. இதை மெஷின் உருவாக்கிய பின் மாற்ற முடியாது. அழித்துவிட்டுப் புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

தேவைக்கேற்ப ரேமைக் கூட்டிக் குறைக்கும் டைனமிக் மெமரி டிக்கை எடுத்துவிடுங்கள். லைவ் சிஸ்டம் பூட் ஆகும் நொடியில் எவ்வளவு ரேம் தெரிகிறதோ அதில் பாதியைத்தான் எழுதும் இடமாகக் கணக்கிடும். பிறகு ஹைப்பர்-வி ரேமைக் கூட்டிக் கொடுத்தாலும் அந்தக் கணக்கு தானாக மாறாது.

செக்பாயின்ட்டில் (ஸ்னாப்ஷாட்டுக்கு ஹைப்பர்-வி வைத்த பெயர்) ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஹைப்பர்-வியில் இயல்பாக அமைந்திருப்பது ‘புரொடக்‌ஷன்’ வகை; அது டிஸ்க்கை ஒழுங்கான நிலையில் பிடித்துவைக்கும், ரேமைப் பிடிக்காது. டிஸ்க் இல்லாத மெஷினில் ரேமைப் பிடிக்காத செக்பாயின்ட்டால் என்ன லாபம்? உள்ளிருக்கும் சிஸ்டம் அதற்கு ஒத்துழைக்காவிட்டால் ‘ஸ்டாண்டர்டு’ வகைக்குத் தானே இறங்கிவரும் என்பது உண்மைதான். அதை நம்பியிருக்காமல், அமைப்பில் நேரடியாக ‘ஸ்டாண்டர்டு’ என்று மாற்றிவிடுங்கள். ‘சேவ்’ சிக்கலில்லாமல் வேலை செய்கிறது.

ஆனால் அந்தச் ‘சேவ்’ வசதிக்கு ஒரு விலை உண்டு. ஹோஸ்ட் அணையும்போது மெஷினின் நிலையைச் சேமி என்ற அமைப்பு இருந்தால், மெஷின் ஓடும்போதே அதன் ரேம் அளவுக்கு ஹோஸ்டின் டிஸ்க்கில் இடத்தை ஹைப்பர்-வி ஒதுக்கிவைக்கும். 8 ஜிபி ரேம் கொடுத்த ‘டிஸ்க் இல்லாத’ மெஷின் உங்கள் எஸ்எஸ்டியில் 8 ஜிபியைப் பிடிக்கும். வேண்டாமென்றால் தானியங்கி நிறுத்தச் செயலை ‘டர்ன் ஆஃப்’ என மாற்றலாம்.

ஷேர்டு ஃபோல்டர் இல்லை. லைவ் லினக்ஸில் கிளிப்போர்டும் ஒழுங்காக வராது. ஹோஸ்டில் காப்பி செய்ததை ‘டைப்’ செய்துவிடும் மெனு ஒன்று மட்டும் உண்டு. நெட்வொர்க் வழியாகத்தான் ஃபைல் எடுக்க வேண்டும், அதிலும் டிஃபால்ட் ஸ்விட்சில் ஹோஸ்டின் ஐபி ரீஸ்டார்ட்டுக்குப் பின் மாறிவிடலாம்.

ஹைப்பர்-விதான் சரியான தேர்வு என்று சொல்லும் இடமும் இருக்கிறது: டபிள்யூஎஸ்எல்2, டாக்கர் என்று ஏற்கெனவே மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்வைசர் ஓடிக்கொண்டிருக்கும் அலுவலகக் கணினி, வேறு மென்பொருள் நிறுவ அனுமதி இல்லை, ஓட்டப்போவது பெரும்பாலும் விண்டோஸ் பிஇ (நிறுவவும் மீட்கவும் பயன்படும் சிறிய விண்டோஸ்) வகை ஐஎஸ்ஓ. அங்கே இதை விட்டு வேறெதற்கும் போக வேண்டாம்.

## விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன்

2024 நவம்பர் முதல் வொர்க்ஸ்டேஷன் புரோ எல்லோருக்கும் இலவசம், அலுவலகப் பயன்பாட்டுக்கும் சேர்த்து. டவுன்லோடு செய்ய பிராட்காம் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். விசார்ட் டிஸ்க் இல்லாமல் முடிக்க விடாது. சின்னதாக ஒன்றைக் கொடுத்து உருவாக்கிவிட்டு, பின் அமைப்பில் போய் அதை நீக்க வேண்டும். நீக்கினாலும் அந்த டிஸ்க் ஃபைல் ஃபோல்டரில் கிடக்கும், கையால் அழியுங்கள்.

ஸ்னாப்ஷாட், சஸ்பெண்ட் இரண்டும் அருமை. திரை அளவு தானாகப் பொருந்துவதும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் விஎம்வேருக்கான கருவிகளைப் பல லினக்ஸ் ஐஎஸ்ஓக்கள் உள்ளேயே வைத்திருக்கின்றன. தடம்தான் இதன் குறை: விண்டோஸ் ஹோஸ்டில் மெஷின் ஓடும்போது அதன் ரேமுக்கு ஈடான ஒரு ஃபைலை மெஷினின் ஃபோல்டரிலேயே வைக்கும். அமைப்பு ஃபைலில் ஒரு வரி சேர்த்து இதை நிறுத்தலாம். ஒரு நாள் சோதனைக்கு இவ்வளவு வேலை எதற்கு என்பது என் கருத்து. ஏற்கெனவே வேறு காரணத்துக்காக விஎம்வேர் வைத்திருப்பவர்கள் இதிலேயே ஓட்டலாம்; இதற்காகப் புதிதாக நிறுவ வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| | விர்ச்சுவல்பாக்ஸ் | கியூஎமு / விர்ட்-மேனேஜர் | ஹைப்பர்-வி | விஎம்வேர் |
|---|---|---|---|---|
| டிஸ்க் இல்லாமல் உருவாக்க | விசார்டிலேயே | இயல்பாகவே | விசார்டிலேயே | உருவாக்கிவிட்டு நீக்க வேண்டும் |
| உறைய வைத்துத் தொடர | முடியும் | விர்ட்-மேனேஜரில் முடியும் | முடியும் | முடியும் |
| ரேமோடு ஸ்னாப்ஷாட் | முடியும் | க்யூகவ்2 டிஸ்க் இல்லாமல் மறுக்கும் | ‘ஸ்டாண்டர்டு’ வகையில் | முடியும் |
| பழைய ஐஎஸ்ஓக்கள் | பெரும்பாலும் எழும் | நன்றாக எழும் | ஜெனரேஷன் 1 மட்டும் | பெரும்பாலும் எழும் |
| ஃபைல் வெளியே எடுக்க | ஷேர்டு ஃபோல்டர் | எஸ்சிபி | நெட்வொர்க் ஷேர் | ஷேர்டு ஃபோல்டர் |
| கேட்காமல் பிடிக்கும் டிஸ்க் இடம் | பொருட்படுத்தத் தேவையில்லை | பொருட்படுத்தத் தேவையில்லை | ரேம் அளவு | விண்டோஸில் ரேம் அளவு |
| முதலில் சிக்கும் இடம் | தானே கழன்றுகொள்ளும் ஐஎஸ்ஓ | 128 எம்பி, கேவிஎம் சுவிட்ச் | செக்யூர் பூட் | டவுன்லோடுக்கே கணக்கு |

## எவ்வளவு ரேம் கொடுப்பது

இது மென்பொருளைவிட ஐஎஸ்ஓவைப் பொறுத்தது. டைனி கோர் லினக்ஸின் ஐஎஸ்ஓ 25 எம்பிகூட இருக்காது; 128 எம்பி கொடுத்தாலே டெஸ்க்டாப்போடு ஓடும். சும்மா ‘டிஸ்க் இல்லாமல் பூட் ஆகிறதா’ என்று பார்க்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆல்பைன் லினக்ஸின் ‘விர்ட்’ பதிப்பும் நூறு எம்பிக்குள் அடங்கும், 512 எம்பி தாராளம். ஆல்பைன் டிஸ்க் இல்லாமல் ரேமில் ஓடுவதை ஒரு முறையான பயன்பாடாகவே வைத்திருக்கிறது. ரூட் என்று அடித்தால் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும்; செய்த மாற்றங்களை மட்டும் ஒரு சின்ன ஃபைலாகத் திரட்டிச் சேமிக்கும் கருவியும் கூடவே வருகிறது.

முழு டெஸ்க்டாப் லைவ் ஐஎஸ்ஓக்களுக்கு வந்தால், எக்ஸ்எஃப்சிஇ போன்ற எளிய டெஸ்க்டாப்புக்கு 2 ஜிபி, க்னோம் என்றால் 4 ஜிபி என்று தொடங்குங்கள். உபுண்டு 24.04 டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவே சுமார் 6 ஜிபி. இதை ‘டுரேம்’ முறையில் ஏற்ற நினைத்தால், 16 ஜிபி கணினியிலும் ஹோஸ்ட் திணறும்.

விண்டோஸ் பிஇயும் டிஸ்க் இல்லாமல் ஓடக்கூடியதுதான். தன்னை ரேம் டிஸ்க்காக ஏற்றிக்கொண்டு, எக்ஸ் டிரைவ் என்று காட்டும். 512 எம்பி குறைந்தபட்சம். தொடர்ந்து 72 மணி நேரம் ஓடினால் தானே ரீஸ்டார்ட் ஆகிவிடும். மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே வைத்த கட்டுப்பாடு அது, உங்கள் மெஷின் கெட்டுப்போகவில்லை. சாதாரண விண்டோஸ் நிறுவல் ஐஎஸ்ஓவை லைவ் சிஸ்டமாக எண்ணிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களும் உண்டு. அது நிறுவல் திரையைத் தாண்டிப் போகாது. ஷிஃப்ட்டும் எஃப்10உம் அழுத்தினால் ஒரு கமாண்ட் ப்ராம்ப்ட் கிடைக்கும், அவ்வளவுதான்.

## எப்போது டிஸ்க்கைக் கொடுத்துவிடுவது

லைவ் செஷனைத் துவக்கும் ஒவ்வொரு முறையும் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்ப்பது, திரை அளவு, பிரவுசர் அமைப்பு என்று அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிறீர்களா? அப்படியானால் டிஸ்க் இல்லாத வழி உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். உறைய வைப்பதை நிரந்தரச் சேமிப்பாக நம்பாதீர்கள். மென்பொருளின் பதிப்பு, ஐஎஸ்ஓவின் இடம், சில சமயம் ஹோஸ்டின் பிராசசர்கூட மாறாமல் இருக்க வேண்டும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. ஐஎஸ்ஓவிலிருந்தே பூட் செய்து, மாற்றங்களை மட்டும் 1 அல்லது 2 ஜிபி டிஸ்க்கில் எழுதுவது. டெபியன் லைவில், டிஸ்க்கின் பார்ட்டிஷனுக்குப் பெர்சிஸ்டன்ஸ் என்று லேபிள் கொடுத்து, அதற்குள் ஒரு சிறிய கான்ஃபிக் ஃபைல் வைத்து, அதே சொல்லைப் பூட் அளவுருவாகவும் கொடுத்தால் மேல் அடுக்கு ரேமிலிருந்து டிஸ்க்குக்கு மாறிவிடும். உபுண்டுவிலும் உண்டு, லேபிளும் அளவுருவும் வேறு. ரேம் நெருக்கடி உடனே தளரும், அமைப்புகளும் நிலைக்கும். சிரமம் என்னவென்றால், பூட் அளவுருவை ஒவ்வொரு முறையும் மெனுவில் கையால் சேர்க்க வேண்டும். ஐஎஸ்ஓவில்தான் எழுத முடியாதே!

‘ஒவ்வொரு முறையும் சுத்தமாகத் தொடங்க வேண்டும், அதனால்தான் டிஸ்க் வேண்டாம் என்கிறேன்’ என்பவர்களுக்கு வேறொரு யோசனை. சிஸ்டத்தை ஒருமுறை டிஸ்க்கில் நிறுவி, எல்லாவற்றையும் பிடித்தமாதிரி அமைத்து, அந்த டிஸ்க்கை உறையவைத்துவிடுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் டிஸ்க்கை ‘இம்யூட்டபிள்’ வகைக்கு மாற்றினால், மெஷினைத் துவக்கும்போதெல்லாம் முந்தைய மாற்றங்கள் கழிந்துவிடும். கியூஎமுவில் ‘ஸ்னாப்ஷாட்’ சுவிட்சோடு துவக்கினால், எழுதுவதெல்லாம் தற்காலிக ஃபைலுக்குப் போய் மூடியதும் மறையும். விஎம்வேரில் ‘நான்பெர்சிஸ்டன்ட்’ டிஸ்க். ரேமை ஆக்கிரமிக்காது, தமிழ் விசைப்பலகை தயாராக இருக்கும், ஒவ்வொரு முறையும் அதே சுத்தம். கல்லூரி லேப் நடத்துபவர்கள் லைவ் ஐஎஸ்ஓவைவிட இதைத்தான் பார்க்க வேண்டும். மாணவர்கள் ஒரு பேக்கேஜ் நிறுவியதும் ரேம் நிரம்பி நிற்கும் தொல்லை இராது.

லைவ் ஐஎஸ்ஓவே போதும் என்ற இடங்களும் தெளிவானவை: ஒரு டிஸ்ட்ரோவை அரை மணி நேரம் பார்ப்பது, ஐஎஸ்ஓ சரியாக இறங்கியிருக்கிறதா என்று பென்டிரைவில் எழுதும் முன் சோதிப்பது, ஜிபார்ட்டட் போன்ற மீட்புக் கருவியால் வேறொரு விர்ச்சுவல் டிஸ்க்கைச் சரிசெய்வது, ஒரே ஐஎஸ்ஓவைப் பல மெஷின்களுக்கு ஒரே நேரத்தில் கொடுத்து நெட்வொர்க் பாடம் எடுப்பது. கடைசியாகச் சொன்னதில் ஐஎஸ்ஓ படிக்க மட்டும் என்பதே லாபம்: பத்து மெஷினுக்கும் ஒரே ஃபைல் போதும், நகல் வேண்டாம்.

## இரண்டு விதிவிலக்குகள்

எம்1 முதலான சிப்புகள் உள்ள மேக் வைத்திருப்பவர்கள் வழக்கமான 64 பிட் இன்டெல் ஐஎஸ்ஓவை எடுத்து வந்தால் எமுலேஷனில்தான் ஓடும், பொறுமை வேண்டும். ஆர்ம்64 ஐஎஸ்ஓவைத் தேடுங்கள். ஆல்பைன், ஃபெடோரா இரண்டிலும் கிடைக்கிறது. ஓட்ட யூடிஎம் என்ற மேக் மென்பொருள் போதும். அதன் உள்ளேயும் கியூஎமுதான்.

மொத்தமே 4 ஜிபி ரேம் உள்ள கணினியில், முழு டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவுக்கு இந்த நான்கில் எதுவும் சரிவராது. ஹோஸ்டுக்குப் போக மிஞ்சும் 1.5 ஜிபியில், லைவ் சிஸ்டத்துக்கு எழுத முக்கால் ஜிபிதான் கிடைக்கும். வென்டாய் (ஐஎஸ்ஓவை நேரடியாகப் பூட் செய்ய உதவும் கருவி) போட்ட பென்டிரைவில் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்து நேரடியாகப் பூட் செய்யுங்கள். 4 ஜிபியும் லைவ் சிஸ்டத்துக்கே கிடைக்கும். ஐஎஸ்ஓக்களை எத்தனை வேண்டுமானாலும் அதே பென்டிரைவில் அடுக்கிவைத்து, பூட் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம்.